படப்பைப் பனையினங்கள்: இலக்கண வழக்கும் வளர்ப்பறிவும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னை, பனை, கமுகு ஆகிய மூன்றும் தமிழர் மனைத்தோட்டத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் பனையினங்கள். இவை பற்றித் தொல்காப்பியம் தரும் விதிகளும், பத்துப்பாட்டின் தோட்டக் காட்சிகளும், நாலடியார், நன்னூல், மூதுரை ஆகியவற்றின் உவமைகளும் இலக்கணம், வருணனை, அறம் என வெவ்வேறு பாடங்களாகப் பயிலப்படுகின்றன. அவற்றை இம்மரங்களின் வளர்ப்பு, உடற்கூறு, பயன்பாடு ஆகியவற்றோடு ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, மனைத்தோட்டத்தில் உருவான செயலறிவே அவற்றுக்கு அடித்தளமாக இருப்பது புலனாகிறது. புறக்காழ் என்னும் பகுப்பு, பனாட்டு என்னும் சொல், நட்பின் மூன்று படிகள், மடற்பனை, முடத்தெங்கு ஆகிய உவமைகள் என்பவற்றை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது. மரம் மனையை விட்டு நீங்கும்போது சொல்லின் பொருளும் மங்குகிறது என்பதையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: படப்பை, புறக்காழ், தெங்கு, பெண்ணை, கமுகு, பனாட்டு, மடற்பனை, முடத்தெங்கு.

முன்னுரை

ஓர் உவமையின் பொருள் அதன் பொதுத்தன்மையை அறிந்தவரிடத்தே முழுமை பெறும். தென்னைக்கு நீர் வார்த்து வளர்த்தவர் தெங்கினை உவமையாகக் கேட்கும்போது பெறும் பொருளும், அதனைப் படத்தில் மட்டும் கண்டவர் பெறும் பொருளும் ஒன்றாவதில்லை. பழைய நூல்களில் பனையினங்கள் பற்றி வரும் குறிப்புகளில் பல, அம்மரங்களோடு அன்றாடம் பழகியவர்களை முன்னிறுத்திச் சொல்லப்பட்டவை. அவற்றுக்கு விளக்கம் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. இன்று வகுப்பறையில் அவ்விளக்கம் தேவைப்படுகிறது. சொற்பொருள் கூறுவதோடு நிற்கும் விளக்கம் போதியதாகவும் இல்லை.

இக்கட்டுரை காட்டுப் பனைகளையோ பெருந்தோப்புகளையோ கருதாமல், குடியிருப்பை ஒட்டிய தோட்டத்தில் வளரும் பனையினங்களையே களமாகக் கொள்கிறது. நூற்சான்று, வழக்குச் சொல், பயிரியல் உண்மை என்னும் மூன்றும் ஒவ்வொரு பகுதியிலும் இணைத்து நோக்கப்படுகின்றன. பயிரியல் செய்தியைப் பழநூலில் ஏற்றிச் சொல்வது இதன் நோக்கமன்று. நூல் சொல்வது மரத்தின் இயல்போடு பொருந்துகிறதா, பொருந்தினால் அதனால் நூற்பொருள் எவ்வாறு தெளிவடைகிறது என்பனவே இங்கு ஆராயப்படும் வினாக்கள்.

படப்பை என்னும் களம்

மனையைச் சார்ந்த தோட்டத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் படப்பை முதன்மையானது. அதன் உறவுடைய படப்பு என்னும் வடிவம் தென்மாவட்டங்களில் வைக்கோற்போரைக் குறிக்க வழங்குகிறது. மனைத்தோட்டத்தைச் சோழநாட்டுப் பகுதியில் கொல்லை என்பர். யாழ்ப்பாணத்தில் வீட்டையும் அதனைச் சூழ்ந்த வேலியடைத்த நிலத்தையும் சேர்த்து வளவு என்பர். நாஞ்சில் நாட்டிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் மேட்டு நிலத் தோட்டம் விளை எனப்படும். அச்சொல்லை ஈறாகக் கொண்ட ஊர்ப்பெயர்கள் அங்கு மிகுதி.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையும் பட்டினப்பாலையும் இத்தகைய தோட்டத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் தோட்டம் பயிரிடுவோரின் தனித்த வீடு வாடிய தென்னங்கீற்றால் வேயப்பட்டுள்ளது. வீட்டு முற்றத்தில் மஞ்சள் வளர்கிறது. அங்குச் செல்லும் பாணர்க்குப் பலாப்பழம், இளநீர், வாழைப்பழம், நுங்கு, சேம்பின் கிழங்கு ஆகியன கிடைக்கின்றன. இவை யாவும் வீட்டைச் சூழ்ந்த நிலத்திலேயே விளைபவை. இவ்விடத்தில் புலவர் தென்னையைத் தாழை என்னும் பெயரால் குறித்து, விழுதில்லாதது என்னும் அடைமொழியால் கடற்கரைத் தாழையிலிருந்து பிரித்துக் காட்டுகிறார். ஒரே பெயருடைய இரு செடிகளை வேரமைப்பால் வேறுபடுத்தும் கூர்மை அதில் உள்ளது.

பட்டினப்பாலை சோழநாட்டு வளம் கூறுமிடத்தில் தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பெண்ணை, சேம்பு, இஞ்சி ஆகிய எட்டினை அடுத்தடுத்துச் சொல்கிறது. எட்டில் மூன்று பனையினங்கள். இவ்வெட்டையும் உயரத்தால் வகுத்தால் தெங்கும் பெண்ணையும் கமுகும் மேலடுக்கு, மாவும் வாழையும் இடையடுக்கு, மஞ்சளும் இஞ்சியும் சேம்பும் கீழடுக்கு ஆகும். கீழடுக்கிலுள்ள மூன்றும் சிறிது நிழலைத் தாங்குபவை. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். 7.5 மீட்டர் இடைவெளியில் இரு தென்னைகள் நின்றால் அவற்றுக்கிடையே வேர்ப்போட்டி குறைந்த நிலம் எஞ்சுகிறது. வளர்ந்த தென்னையின் கீற்றுகளுக்கிடையே வெயிலும் கசிந்து இறங்குகிறது. புலவரின் பட்டியல் ஓசைக்காக மட்டும் அடுக்கப்பட்டதன்று, ஒரே நிலத்தில் இணைந்து வாழக்கூடிய பயிர்களின் தொகுதி என்பது இதனால் பெறப்படும்.

புறக்காழும் ஒற்றைக் குருத்தும்

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. உரையாசிரியர்கள் பனை, தெங்கு, கமுகு முதலியவற்றைப் புறக்காழுக்கு எடுத்துக்காட்டாகத் தருவர். பேச்சு வழக்கில் பனைமரம், தென்னைமரம் என்று வழங்குவது இதற்கு முரணன்று. உயர்ந்து நிற்பதனைப் பொதுவாக மரம் என்பது உலக வழக்கு. உள்ளமைப்பு நோக்கிப் பகுப்பது நூல் வழக்கு.

இப்பகுப்பு தாவரவியலின் ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்போடு பெரிதும் ஒத்திருப்பது பலராலும் சுட்டப்படும் செய்தி. எனினும் அவ்வொப்புமையைச் சொல்லி நிறுத்துவதைவிட, இவ்வேறுபாட்டை அறியும் தேவை யாருக்கு இருந்தது எனக் கேட்பது பயனுடையது. மாமரம், பலா போன்றவற்றில் பட்டைக்கு உள்ளே வளர்படை ஒன்று இருக்கிறது. அது ஆண்டுதோறும் புதிய கட்டையை உண்டாக்குவதால் தண்டு பருக்கிறது. பழைய கட்டை நடுவில் இறுகி வயிரமாகிறது. பனையினங்களில் அப்படை இல்லை. நார்க்கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. விளிம்பில் அவை நெருங்கி இறுகியும் நடுவில் தளர்ந்தும் அமைகின்றன. எனவே முதிர்ந்த பனையை வெட்டிப் பிளப்பவர் விளிம்பிலிருந்தே கைமரமும் சட்டமும் எடுப்பர். நடுவிலுள்ள மென்பகுதி கட்டுமானத்துக்கு ஆகாது. அதனைக் குடைந்து நீக்கினால் நீர் செல்லும் பீலி கிடைக்கும். இரண்டும் மனைக்குப் பயன்படுபவை. வீடு கட்டவும் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சவும் மரத்தைப் பிளந்தவர் கைக்குப் புறக்காழும் அகக்காழும் நூல் தோன்றுமுன்பே தெரிந்திருக்கும். இலக்கணம் அவ்வறிவுக்குப் பெயர் தந்து வரிசைப்படுத்தியது எனக் கொள்வது பொருந்தும்.

வளர்படை இல்லாமையால் விளையும் பிற இயல்புகளும் தோட்டம் வைப்போர் அறிய வேண்டுவன. முதலாவது, பனையினத்தின் தண்டில் ஏற்படும் காயம் மூடிக்கொள்வதில்லை. ஏறுவதற்காகத் தண்டில் வெட்டிய படி, மரம் உள்ளளவும் வெட்டாகவே நிற்கும். அதன் வழியே சிவப்புக் கூன்வண்டு புகவும் இடமுண்டு. இரண்டாவது, தண்டு முதலில் அடியில் தன் பருமனைப் பெற்ற பிறகே உயரத் தொடங்கும். இடையில் நீரோ உரமோ குன்றிய காலத்தில் வளர்ந்த பகுதி மெலிந்து, பின்னர் பருக்காமல் அப்படியே நிற்கும். ஒரு தென்னையின் தண்டைப் பார்த்து அது வாடிய காலத்தை அறிவது இதனாலேயே இயலுகிறது. மூன்றாவது, தென்னைக்கும் பனைக்கும் கமுகுக்கும் உச்சியில் ஒரே குருத்து. மாவின் கிளையை வெட்டினால் மறுகிளை தழைக்கும். தென்னையின் குருத்தைக் காண்டாமிருக வண்டு குடைந்து அழித்தாலோ, அது அழுகல் நோயால் சிதைந்தாலோ மரம் முழுவதும் மடியும். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியது போன்ற முக்கோண வடிவங்கள் தென்பட்டால், வண்டு குருத்தினுள் புகுந்து சென்றது எனத் தோட்டக்காரர் அறிவர்.

உறுப்புப் பெயர்களின் இருவேறு தொகுதி

மரபியல் அடுத்துத் தரும் உறுப்புப் பெயர்களும் இவ்வேறுபாட்டையே தொடர்கின்றன. இலை, முறி, தளிர், சினை, குழை, பூ, அரும்பு, நனை போன்றவை மரத்துக்கு உரியன. ஈர்க்கு, ஏடு, ஓலை, குலை, தோடு, பாளை, மடல், இதழ் போன்றவை புல்லுக்கு உரியன. காய், பழம், தோல், செதில், வீழ் ஆகியன இரண்டுக்கும் பொது. புல்லின் தொகுதியில் சினை இல்லை என்பது நோக்கத்தக்கது. கிளையற்ற ஒற்றைத் தண்டுக்குக் கிளைப்பெயர் தேவையில்லை. பூவுக்கும் அரும்புக்கும் மாறாகப் பாளை நிற்கிறது. தென்னையில் பூக்கள் தனித்தனியே தோன்றாமல், ஓலைக் கக்கத்திலிருந்து வரும் உறைக்குள் கொத்தாக அடங்கியே வெளிப்படும். பாளை என்னும் சொல் உறையையும் கொத்தையும் சேர்த்துக் குறிக்கிறது.

இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு பயனோடு பிணைந்தவை. ஓலை வேய்வதற்கும் முடைவதற்கும் எழுதுவதற்கும் ஆனது. ஈர்க்கு துடைப்பத்துக்கு ஆனது. மடல், குருத்து, பாளை, குலை என்பன வேறுவேறு வெட்டுமுறைகளைக் கோருபவை. பனையோலையை மட்டும் எடுத்துக்கொண்டாலும், முதிராத குருத்தோலை, அதனை அடுத்த சாரோலை, பசுமை மாறாத பச்சோலை, காய்ந்த காவோலை எனப் பருவந்தோறும் பெயர் மாறுகிறது. பெயர் மாறும்போது வேலையும் மாறுகிறது. மென்மையான குருத்தோலை பெட்டியும் தடுக்கும் முடையப் பயன்படும். காவோலை வேலி அடைக்கவும் அடுப்பெரிக்கவும் ஆகும். பனைமட்டையின் இருபக்கத்து வாள்போன்ற விளிம்பு கருக்கு. மட்டையின் அடியைச் சூழ்ந்த வலைபோன்ற நார் பன்னாடை. ஆண்பனை அலகுப்பனை என்றும் பெண்பனை பருவப்பனை என்றும் தொழிலாளரிடையே வழங்குகின்றன. பூக்கும் பருவத்துக்கு முன்னர் இரண்டையும் பிரித்தறிய இயலாமையால், இளமரத்துக்கு வடலி என்னும் ஒரே பெயர் போதியதாயிற்று.

ஏடு, ஓலை, மடல், இதழ் ஆகிய சொற்கள் எழுத்துத் துறைக்குச் சென்று வேரூன்றியதும் இத்தொகுதியிலிருந்தேயாம். மரத்துக்குரிய தொகுதியிலிருந்து இவ்வாறு பெயர்ந்தவை அரிது. எழுதுபொருளாக அமைந்தது பனையோலையே என்பதால் இது நேர்ந்தது.

பனாட்டு: புணர்ச்சி விதியும் அடுக்களையும்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியல் பனை என்னும் சொல்லுக்குத் தனி விதிகள் கூறுகிறது. வல்லெழுத்து வருமொழியாகும்போது இறுதி ஐகாரம் கெட்டு அம்முச் சாரியை பெறும். பனங்காய், பனம்பழம், பனங்கிழங்கு என்பன அவ்வாறு அமைந்தவை. கொடி என்னும் சொல் வரும்போது ஐகாரம் கெடாது நிற்கும். அட்டு என்னும் சொல் வரும்போது ஐகாரம் கெட்டு ஆகாரம் வந்து பனாஅட்டு என முடியும்.

மூன்றாவது விதி ஒரே ஒரு சொல்லுக்காக அமைந்தது. பொதுவிதியில் அடங்காத ஒரு சொல்லைத் தனிநூற்பாவால் காக்க வேண்டுமாயின், அச்சொல் வழக்கில் வலுவாக இருந்திருத்தல் வேண்டும். இலக்கண மாணவர்க்குப் பனாஅட்டு பெரும்பாலும் விதியின் எடுத்துக்காட்டாகவே அறிமுகமாகிறது. யாழ்ப்பாணத்து வளவுகளில் அது உணவின் பெயராக வாழ்கிறது. பழுத்து விழுந்த பனம்பழத்தின் நாரைப் பிசைந்து களியெடுத்து, பரண்மேல் விரித்த பாயில் மெல்லிய படலமாகப் பரப்பி வெயிலில் உலர்த்துவர். ஒரு படலம் காய்ந்தபின் அதன்மேல் மறுபடலம் இடுவர். போதிய தடிப்பு வந்ததும் துண்டுகளாக வெட்டிச் சேமிப்பர். பாகில் ஊறவைத்தது பாணிப்பனாட்டு எனப்படும்.

அட்டு என்பதனை அடுதல் என்னும் வினையோடு இணைத்துக் காண்போர்க்கு, பழஞ்சொல் வெயிலில் உலர்ந்த களியைக் குறித்ததா, காய்ச்சி இறுகியதைக் குறித்ததா என்னும் ஐயம் எழும். சொல்வடிவத்தின் தொடர்ச்சி பொருளின் தொடர்ச்சிக்குத் தானே சான்றாகிவிடாது. ஆயினும் பனையிலிருந்து பெற்று, பக்குவம் செய்து, கெடாமல் சேமித்த இனிய பண்டம் என்னும் அளவில் இரண்டும் பொருந்தும். பருவத்தில் பெருகிப் பின் இல்லாமற்போகும் விளைவை ஆண்டு முழுவதும் உண்பதற்கு ஏற்றதாக்கும் முறைக்கு இச்சொல் அடையாளமாகிறது.

பனம்பழத்தின் கதை பனாட்டோடு முடிவதில்லை. களி எடுத்த கொட்டைகளைப் பாத்தியில் புதைத்தால் சில மாதங்களில் கிழங்கு கிடைக்கும். முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளிருக்கும் வெண்ணிறப் பஞ்சுபோன்ற பண்டம் பூரான். கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவே கூழுக்கு ஆனது. அதன் கசப்பு நீங்க நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே பயன்படுத்துவர். பூரானும் கிழங்கும் நீங்கிய கொட்டை ஊமல். அது எரிபொருளாகும். ஒரு பழத்திலிருந்து அடுப்புக்குச் செல்லும் ஓடு வரை எறிவதற்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பெயர் உண்டு. இச்சொற்களை ஒருபொருட் பன்மொழிகளாகக் கருதுவது தவறு. அவை ஒரு செய்முறையின் படிகள்.

நீர்த்தேவையும் நட்பின் படிநிலையும்

நாலடியாரின் 216ஆம் பாடல் நட்பை மூவகையாக்குகிறது. கடையாயார் நட்புக்குக் கமுகும், இடையாயார் நட்புக்குத் தெங்கும், தலையாயார் நட்புக்குப் பெண்ணையும் உவமை. நாள்தோறும் பேணவேண்டுவது, இடையிடையே பேணவேண்டுவது, நட்ட நாளில் இட்டதோடு நிலைப்பது என உரைகள் இதனை விளக்குகின்றன. இவ்வரிசை மரங்களின் மதிப்பு பற்றியதன்று, அவற்றின் நீர்த்தேவை பற்றியது. ஆகவே மூன்று மரங்களின் வேரியல்பை அறிந்தால்தான் உவமை நிரம்பும்.

கமுகின் வேர்கள் மண்ணின் மேற்பகுதியில் பரவுபவை. ஈரம் குன்றினால் மரம் விரைவில் வாடும். தேங்கும் நீரையும் அது தாங்காது. எனவே சிறிது சிறிதாக, இடைவிடாமல் நீர் வேண்டும். தென்மேற்கிலிருந்து சாயும் வெயில் நேரே பட்டால் தண்டு கருகி வெடிக்கும். அப்பக்கத்தில் வாழையோ பிற நிழல்மரமோ வைத்துக் காப்பது வழக்கம். நீரும் நிழலும் வேலியும் நாள்தோறும் நாடும் மரம் இது. கடைநட்புக்கு இதனைச் சொன்னவர் கமுகின் பயனை இகழவில்லை. அதன் இடையறாத எதிர்பார்ப்பையே குறித்தார்.

தென்னை சில நாள் நீரின்மையைத் தாங்கும். ஆயினும் அதன் விளைச்சல் தாங்காது. பாளையின் முதல் உருவம் குருத்தினுள் தோன்றுவதிலிருந்து தேங்காய் முற்றுவது வரை ஏறத்தாழ 44 மாதங்கள் செல்லும். அதில் சுமார் 32 மாதங்கள் பாளை வெடிப்பதற்கு முன்னும், 12 மாதங்கள் அதன் பின்னும் ஆகும். ஒரு கோடையில் நீர் விடாமற் போனால் அவ்வாண்டே குரும்பை உதிரும். மரத்தினுள் உருவாகிக்கொண்டிருக்கும் பாளைகளும் நலிவதால் இழப்பு அடுத்த ஆண்டுகளிலும் தொடரும். இடையிடையே பேணினால் போதும், பேணாதுவிட்டால் உறவு முறியாது குன்றும் என்னும் இடைநட்பின் இயல்பு இதில் பொருந்துகிறது.

மூதுரையின் முதற்பாடல் தென்னையை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. அடியில் உண்ட நீரைத் தலையில் தருவது தெங்கு. ஆகவே செய்த நன்றி எப்போது திரும்பும் என்று கேட்கவேண்டா என்கிறது அப்பாடல். இதில் நன்றி திரும்பும் என்னும் உறுதியோடு, திரும்பும் காலம் கண்ணுக்குப் புலப்படாது என்பதும் சொல்லப்படுகிறது. நெட்டைத் தென்னை காய்க்கத் தொடங்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். காய்க்கும் மரத்திலும் இன்று வார்த்த நீர் எந்தக் குலையில் இளநீராகும் என்று சொல்லவொண்ணாது. மேலே கண்ட 44 மாத இடைவெளியை உள்ளத்திற் கொண்டால், கேட்கவேண்டா என்னும் அறிவுரையின் நுட்பம் விளங்கும்.

பனையின் நிலை வேறு. கொட்டையிலிருந்து வெளிப்படும் முளைக்காம்பு மேலே வாராமல் முதலில் மண்ணுக்குள் நேரே இறங்குகிறது. அதன் நுனியில் உள்ள முளை ஓரடிக்கு மேலும் ஆழத்தில் இடம்பெற்ற பிறகே வேரும் முதலிலையும் விரிகின்றன. கிழங்கென உண்ணப்படுவது இப்பகுதியே. கிழங்குக்காகத் தோண்டாமல் விட்டால் அது ஆழத்து ஈரத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு நீர் வார்ப்பவர் வேண்டியதில்லை. நாற்றைப் பெயர்த்து நடுவது எளிதில் பலிக்காமைக்கும், கொட்டையை நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுவது மரபானமைக்கும் இதுவே காரணம். நட்ட நாளில் இட்டதே போதும் என்பது மிகையுரையன்று, முளைப்பியல்பின் நேரான வருணனை. அப்பேணாமைக்கு ஈடாகப் பனை காலத்தைக் கேட்கிறது. அது பயன்தர 12 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகலாம். தலையாய நட்பும் விரைவில் பயன் தருவதன்று என்னும் குறிப்பு உவமைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

மடற்பனையும் முடத்தெங்கும்

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் ஆசிரியராதற்கு ஏலாதவர்க்கு நான்கு உவமை தருகிறார். கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. நான்கில் இரண்டு பனையினங்கள். கடைமாணாக்கர்க்குச் சொல்லும் நெய்யரி என்பதும் பன்னாடை என்றே விளக்கப்படுவதால், கல்வியின் இருபுறத்துக் குறைகளுக்கும் தோட்டமே உவமை வழங்குகிறது.

மடற்பனையை மடல்களையுடைய பனை என்று மட்டும் பொருளுரைத்தால் உவமை விளங்காது. எல்லாப் பனையிலும் மடல் உண்டு. இங்குக் குறிக்கப்படுவது, காய்ந்த மட்டைகள் கழிக்கப்படாமல் தண்டைச் சூழ்ந்து நிற்கும் பனை. கருக்கு நிறைந்த மட்டைகளுக்கிடையே யாரும் ஏற இயலாது. அது தானே உதிர்த்தால்தான் பழம் கிடைக்கும். அணுகிப் பெற வழியில்லை. ஆண்டுதோறும் மட்டை கழித்துச் செம்மை செய்த பனை ஏறுவோர்க்கு நுங்கும் பதநீரும் ஓலையும் தரும். ஆகவே குறை மரத்தின் பிறவியில் இல்லை. செம்மை செய்யப்படாமையில் உள்ளது. இவ்வேறுபாட்டை உணர்ந்தால், அறிவிருந்தும் மாணவர் அணுக இயலாத ஆசிரியர் என்னும் பொருள் கூர்மை பெறும்.

முடத்தெங்கு, பேணி வளர்த்தவர்க்கு அல்லாமல் பிறர்க்குப் பயன்படுவது. தென்னை ஒளியை நாடி வளைவது. வீட்டுச் சுவரையோ அடர்ந்த மரத்தையோ ஒட்டி நட்டால், இளந்தண்டு வெளிச்சமுள்ள பக்கம் சாயும். மனையின் ஓரத்தில் அவ்வாறு சாய்வது பெரும்பாலும் வேலிக்கு அப்பாலாகவே இருக்கும். ஒருமுறை வளைந்த பகுதி நிமிராது. நீர் வார்ப்பவர் ஒருவர், காய் பொறுக்குபவர் மற்றொருவர். வேலியும் அயல்மனையும் இல்லாத இடத்தில் இவ்வுவமைக்குப் பொருளே இல்லை. ஆகவே இது குடியிருப்புத் தோட்டத்தில் பிறந்த உவமை எனத் துணியலாம்.

இதிலிருந்து நடவுக்கான விதியும் கிடைக்கிறது. பனையினங்களின் வேர்கள் பிற மரவேர்களைப்போல் ஆண்டுதோறும் பருப்பதில்லை. எனவே சுவருக்கு வேரால் வரும் இடர் குறைவு. தென்னையைச் சுவரிலிருந்து தள்ளி நடுவதற்கு ஒளியும் விழும் மட்டையும் காயுமே முதற்காரணங்கள். ஓலை ஏறத்தாழ 5 மீட்டர் நீளம் பெறுவதை நினைவிற் கொண்டு, கூரையிலிருந்தும் எல்லையிலிருந்தும் அத்தொலைவு விட்டு நடுதல் நன்று. மூன்றடிப் பள்ளத்தின் அடியில் உரிமட்டைகளைக் குழிந்த பக்கம் மேல்நோக்க அடுக்கினால் ஈரம் நிற்கும். தென்னைக்குச் சாம்பற்சத்து மிகுதியாக வேண்டுமாதலால், வீட்டு அடுப்பின் மரச்சாம்பல் அதன் பாத்திக்குச் செல்வதும் மனையொழுங்கின் ஒரு கூறாயிற்று.

புதிய பனைகளும் பெயர் மயக்கமும்

நகர மனைகளில் இன்று அழகுக்கெனப் புதிய பனைகள் இடம்பெறுகின்றன. நாற்றங்கால்களில் அரிக்கா பாம் என விற்கப்படும் கொத்துப்பனை மடகாஸ்கர் நாட்டுக்குரியது. அது கமுகன்று. அதில் பாக்கும் காய்க்காது. கமுகின் தாவரவியற்பெயரே அரிக்கா என்று தொடங்குவதால் மயக்கம் எளிதில் நேர்கிறது. ராயல் பாம் எனப்படுவது கரீபியப் பகுதியிலிருந்து வந்தது. இவை நிழலும் தோற்றமும் தருவன. அவற்றின் உறுப்புகளைப் பிரித்துச் சுட்டும் தேவை வீட்டாருக்கு எழுவதில்லை. ஓலை முடைவதற்கு இல்லை, ஈர்க்கு கிழிப்பதற்கு இல்லை, பாளை சீவுவதற்கு இல்லை. பயன் இல்லாத இடத்தில் உறுப்புப் பெயரும் ஒலிப்பதில்லை.

நாட்டுப் பனைகளிலும் எல்லாமே மனைக்கு ஏற்றவையல்ல. கூந்தற்பனை முதிர்ந்தபின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாளைவிட்டு, கடைசிப் பாளையோடு மடிவது. அதன் பழச்சாறு தோலில் அரிப்பை உண்டாக்கும். தாளிப்பனை பல பத்தாண்டுகள் வளர்ந்து ஒரே முறை பூத்துப் பட்டுப்போவது. அதன் ஓலை எழுதுவதற்குப் பயன்பட்டதாயினும் சிறு மனையில் அதற்கு இடமில்லை. எனவே தெங்கும் பெண்ணையும் கமுகும் இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் சேர்ந்து வருவது தற்செயலன்று. மனைக்குள் நின்று ஆண்டுதோறும் பயன்தரும் பனைகள் அவையே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. புறக்காழ், அகக்காழ் என்னும் பகுப்பு மரத்தைப் பிளந்தும் குடைந்தும் பயன்கொண்டவர்களின் அறிவோடு பொருந்துகிறது. உறுப்புப் பெயர்களின் இரு தொகுதிகளும் கிளையின்மை, ஒற்றைக் குருத்து, பாளையமைப்பு ஆகிய உடற்கூற்று வேறுபாடுகளைப் பின்பற்றுகின்றன. பனாட்டு, தனிநூற்பாவால் காக்கப்பட்டு இன்றும் உணவுப் பெயராக வழங்கும் சொல். நாலடியாரின் மூவகை நட்பு மூன்று மரங்களின் வேரியல்பாலும் நீர்த்தேவையாலும் வரிசைப்படுத்தப்பட்டது. மடற்பனையும் முடத்தெங்கும் மட்டை கழித்தல், எல்லை விட்டு நடுதல் என்னும் தோட்டச் செயல்களை அறிந்தவர்க்கே முழுப்பொருள் தருவன.

1978இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. மரத்தைக் காக்கும் முயற்சி அதன் சொற்களையும் உள்ளடக்க வேண்டும். அகராதிகளில் சாரோலை, பன்னாடை, பூரான், ஒடியல், ஊமல் போன்ற சொற்கள் ஒருவரிப் பொருளோடு நிற்கின்றன. எந்த உறுப்பு, எந்தப் பருவம், என்ன வேலை என்னும் மூன்றையும் சேர்த்துப் பதியாவிடில், ஒடியலும் புழுக்கொடியலும் வேறுபாடின்றிக் கலந்துவிடும். பனையேறுவோரும் ஓலை முடைவோரும் வளவுகளில் பனாட்டு இடும் மூத்த பெண்களும் இச்சொற்களைச் செய்கையோடு அறிந்தவர்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரி, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளில் அவர்களிடமிருந்து சொல்லும் செயலும் ஒருங்கே தொகுக்கப்படுதல் வேண்டும். நன்னூலைக் கற்பிப்பவர் மடற்பனைக்கு உரை தேடும் இடம் அந்தத் தொகுப்பாகவே இருக்கும்.